மெரிட்டின் எதிர் நாற்காலி

கார்வெல் ஊரில் ரோவீனா டாக்கெட்டின் பார்லருக்குள் நுழைந்தால், முடி வெட்டிக்கொள்கிறீர்களோ இல்லையோ, அந்தப் புகைப்படத்தைப் பார்க்காமல் வெளியே வர முடியாது. கண்ணாடியின் மூலையில் செருகியிருக்கும். மூத்த மகள் மெரிட், வெள்ளைத்தூண் வீட்டுப் படிக்கட்டில், ஒரே மாதிரிச் சட்டை போட்ட ஒரு பெண்கள் கூட்டத்துக்கு நடுவே, வாயை ஆவென்று திறந்து கத்திக்கொண்டிருப்பாள். யார் தலையைக் கழுவினாலும் ரோவீனா ஈரக்கையோடு அதைக் காட்டுவாள். "எம் பொண்ணு. எந்த வீடுன்னு பாத்தீங்கல்ல?" பார்க்காமல் என்ன? அலபாமாவில் பிறந்தவளுக்கு அந்தத் தூண்களைத் தெரியாமல் இருக்குமா!

பல்கலைக்கழகத் தெருவில் பெண்கள் சங்கங்களின் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கிரேக்க எழுத்துகளில் ஒரு பெயர் உண்டு. எங்களைப் போன்றவர்களுக்கு அது வாயில் நுழையாது. தூணையும் சுவரையும் வைத்துத்தான் அடையாளம். எது உசத்தி, எது நடுத்தரம், எது கடைசி என்று எந்தச் சுவரிலும் எழுதிவைக்கவில்லை. ஆனால் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். தெருவின் தலைப்பில் வெள்ளைத்தூண் வீடு. கடைக்கோடியில் மஞ்சள் வீடு. வெள்ளைத்தூண் வீட்டுக்காரி என்றால் நல்ல வேலை, நல்ல சம்பந்தம், ஊர்த் தேவாலயத்தில் முன்வரிசை. மஞ்சள் வீடு என்றால், "ஓ, அப்படியா... அங்கயும் நல்ல பொண்ணுங்க இருக்காங்களாமே" என்று ஓர் இழுப்பு. அந்த இழுப்புக்குப் பயந்துகொண்டுதான் வருடாவருடம் ஆகஸ்ட் மாதத்தில், வகுப்புகள் தொடங்குவதற்கு முன், புதிதாகச் சேர்ந்த பெண்கள் அத்தனை பேரும் வெயிலில் வரிசை கட்டி நிற்கிறார்கள். ரஷ் என்று அதற்குப் பெயர். ஒரு வாரம் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேச வேண்டும். உள்ளே இருப்பவர்கள் பேசிப் பார்த்து, மதிப்பெண் போட்டு, நாளுக்கு நாள் கழித்துக்கொண்டே வருவார்கள். பெண் பார்க்கும் படலம்தான். ஒரே வித்தியாசம், இங்கே பார்க்கிறவளும் பெண், பார்க்கப்படுகிறவளும் பெண், பார்க்கிறவளே ஒரு காலத்தில் இதே வரிசையில் நின்றவள்தான்.

ரோவீனாவுக்கு அந்த வீடு என்றால் தனி வெறி. காரணம் இருக்கிறது. கார்வெலில் அவளிடம் தலையைக் கொடுக்கிற பெரிய வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒருகாலத்தில் அந்தத் தூண்களுக்கு நடுவே நின்றவர்கள். அதிலும் நீதிபதியின் மனைவி திருமதி ஆல்ஸ்டன். வெள்ளிக்கிழமைதோறும் வருவார். சாய்வு நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, "நாங்கள்லாம் அந்த வீட்டுல இருந்தப்ப..." என்று ஆரம்பிப்பார். ரோவீனா அந்தத் தலையைத் தேய்த்துக்கொண்டே கேட்பாள். பள்ளிப் படிப்போடு நின்றவள் அவள். தனக்குக் கிடைக்காதது தன் பெண்களுக்குக் கிடைத்தே தீரவேண்டும் என்று எப்போதோ முடிவு செய்துவிட்டாள். இரண்டு பெண்கள். மெரிட், அவளுக்கு இரண்டு வயது இளையவள் ஜூனி.

மெரிட் பார்லரில் வளர்ந்த பிள்ளை. கீழே விழுந்த முடியைக் கூட்டிக்கொண்டே பேச்சைக் கேட்பாள். யார் என்ன சொன்னாலும் அவர்கள் கடைசியாகச் சொன்னதையே பிடித்து ஒரு கேள்வி கேட்டால், அவர்கள் உள்ளம் குளிர்ந்து பேசிக்கொண்டே போவார்கள் என்பதை அவள் பத்து வயதிலேயே கற்றுக்கொண்டாள். எதிரே இருப்பவர், உலகத்திலேயே தன்னை விட்டால் சுவாரசியமான ஆள் கிடையாது என்று நினைத்துக்கொண்டு எழுந்து போவார். அது ஒரு வரம். வரம் எப்போது கழுத்தைச் சுற்றும் என்று யாருக்குத் தெரியும்?

மெரிட் ரஷ்ஷுக்குப் போனபோது திருமதி ஆல்ஸ்டன் சிபாரிசுக் கடிதம் கொடுத்தார். மெரிட்டின் அந்த வாயும் சேர்ந்துகொண்டது. வெள்ளைத்தூண் வீடு அவளை எடுத்துக்கொண்டது. கார்வெலில் இருந்து, அதுவும் பார்லர்காரி மகள்! ரோவீனா அன்று கடையைப் பூட்டிவிட்டு அழுதாள். மெரிட்டும் அழுதாள். அந்தப் படிக்கட்டில் எடுத்த படம்தான் கண்ணாடியில் இருப்பது.

அடுத்த வருடம் அவள் வீட்டுக்கு உள்ளே இருந்து ரஷ்ஷைப் பார்த்தாள். கதவு திறந்ததும் எல்லாரும் கைதட்டிப் பாடிக் கத்த வேண்டும். அப்புறம் ஒவ்வொருத்தியும் ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டுபோய் எதிரே உட்காரவைத்துப் பேச வேண்டும். யார் யாரை அழைத்துப் போவது என்பதை, அந்த வேலைக்குத் தலைவியாக இருப்பவள் முந்தின நாளே தீர்மானித்துவிடுவாள். மெரிட்டுக்கு வந்த பெண்கள் எல்லாரும் நல்ல பெண்கள். ஒருத்திக்குத் திக்குவாய். ஒருத்தி போட்டிருந்த செருப்பு மலிவானது. ஒருத்தி கொஞ்சம் பருமன். மெரிட் உருகி உருகிப் பேசினாள். ஒவ்வொருத்தியும் போகும்போது அவள் கையை விடமாட்டாள். மறுநாள் பார்த்தால் ஒருத்தியும் திரும்பி வரவில்லை.

மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில்தான் விஷயம் புரிந்தது. தலைவியாக இருந்த ஸ்லோன், ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்தபோது, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அவளா? அவளை மெரிட்கிட்ட போட்டாச்சு." மேசை முழுக்கச் சிரிப்பு. மெரிட்டும் சிரித்தாள். சிரித்து முடிக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கழித்துவிட்ட பெண்களைத்தான் அவளிடம் அனுப்புகிறார்கள். வேண்டாம் என்று தீர்மானித்தாயிற்று. ஆனால் அந்தப் பெண் வெளியே போய் வீட்டைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது அல்லவா? அதற்குத்தான் மெரிட். மற்றவர்கள் கழித்தால் பெண்கள் சபித்துக்கொண்டு போவார்கள். மெரிட் எதிரே உட்கார்ந்துவிட்டுப் போனவர்கள், "அந்த வீட்டுல எவ்வளவு நல்லவங்க!" என்று சொல்லிக்கொண்டே கழிந்து போனார்கள்.

"எனக்கும் வேற பொண்ணுங்களைக் கொடு ஸ்லோன்" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

"தங்கம், அழகான பொண்ணுங்ககிட்ட யார் வேணா பேசலாம். உன் வேலைய வேற யாரால செய்ய முடியும் சொல்லு?" என்றாள் ஸ்லோன். முதுகில் தட்டிக் கொடுத்தாள். பாராட்டுகிறாளா, இடத்தைக் காட்டுகிறாளா என்று கேட்டால் இரண்டும்தான்.

விட்டுவிட்டு வந்திருக்கலாமே என்பீர்கள். எங்கே வருவது? அறைக்கு வருடம் முழுக்கக் கையெழுத்துப் போட்டாயிற்று. ஊரில் அம்மா படத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறாள். தூண் வீட்டிலிருந்து தானாக வெளியே வந்தவள் என்று ஒருத்தி இதுவரை கிடையாது; வந்தால், துரத்திவிட்டார்கள் என்றுதான் ஊர் பேசும். மெரிட் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். இருக்க இருக்கப் பழகியும்விட்டது. அதுதான் கொடுமை.

அடுத்த ஆகஸ்டில் ஜூனி வந்தாள்.

ஜூனியைப் பற்றி ஒரே வார்த்தையில் சொல்வதென்றால், சத்தம். அவள் சிரித்தால் பக்கத்துக் கடையில் நாய் குரைக்கும். மனசில் இருப்பது வாயில் இருக்கும். ரஷ்ஷில் பேசக்கூடாதவை என்று ஒரு பட்டியலே உண்டு: பையன்கள், குடி, அரசியல், சாமி, பணம். ஜூனி முதல் நாளே எல்லாவற்றையும் பேசித் தீர்த்திருப்பாள். மெரிட்டுக்கு இது தெரியும். ஜூலை மாதம் முழுக்கத் தங்கைக்குப் பாடம் எடுத்தாள். "வாயை மூடிச் சிரி. கால் மேல கால் போடாத. கேள்வி கேளு, பதில் சொல்லாத."

"அப்போ நான் எதுக்குடி போகணும்? என் ஃபோட்டோவை அனுப்பினா போதாது?" என்றாள் ஜூனி. சொல்லிவிட்டு அந்தச் சிரிப்பு. ரோவீனாவும் சேர்ந்து சிரித்தாள். "அதெல்லாம் ஒண்ணும் வேணாம். அக்கா உள்ள இருக்கா, ஆல்ஸ்டன் அம்மா பேச்சுக்கும் அங்க மதிப்பு உண்டு. என் ரெண்டு பொண்ணுங்களும் ஒரே வீட்டுல. எனக்கு அது போதும்."

ரஷ் வாரத்தில் வீட்டுக்காரப் பெண்களும் வருகிற பெண்களும் வெளியே ஒரு வார்த்தை பேசக்கூடாது. தொலைபேசி கூடாது, குறுஞ்செய்தி கூடாது, தெருவில் பார்த்தால் தலையசைத்துவிட்டுப் போக வேண்டும். கூடப் பிறந்தவளுக்கும் அதே விதிதான். உள்ளே பேசும்போதும், "உன்னை எடுப்போம்" என்றோ "மாட்டோம்" என்றோ வாயைத் திறக்கக்கூடாது. மீறினால் வீட்டுக்குத் தண்டனை, மீறியவள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்த வாரம் மெரிட் தங்கையைத் தூரத்தில்தான் பார்த்தாள். வியர்வையில் நனைந்த முதுகோடு, கையில் செருப்பைத் தூக்கிக்கொண்டு, வரிசையில் முன்னாலும் பின்னாலும் நின்றவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள் ஜூனி. நாளாக நாளாக அவளைக் கூப்பிட்ட வீடுகள் குறைந்துகொண்டே வந்தன. கடைசி நாளுக்கு இரண்டு மிஞ்சின. வெள்ளைத்தூண் வீடு, மஞ்சள் வீடு.

மெரிட்டுக்கு உயிர் வந்தது. கடைசி நாள் வரை கூப்பிட்டிருக்கிறார்களே!

ஆனால் அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே இருப்பவளின் தங்கையைக் கடைசி நாள் வரை கூப்பிடுவது மரியாதை. மரியாதை அதோடு சரி. கடைசி நாளுக்கு, எடுக்கப் போவதைப் போல இரண்டு மடங்கு பெண்களைக் கூப்பிடுவார்கள். நாற்காலி காலியாக இருந்தால் கௌரவம் என்னாவது! கடைசி நாளுக்கு முந்தின இரவு, யாரை எடுப்பது என்று வரிசை போடுகிற கூட்டத்தில் ஜூனியின் பெயர் வந்தபோது, அக்கா என்பதால் மெரிட்டை வெளியே போகச் சொன்னார்கள். மாடிப்படியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஸ்லோன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலில் தேன் ஒழுகியது. அதைக் கேட்டதுமே மெரிட்டுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அது அவளுடைய சொந்தக் குரல், அவள் கழிக்கப்பட்டவர்களிடம் பேசுகிற குரல்.

"நாளைக்கு ஜூனிய நீயே பாத்துக்கறியா தங்கம்?"

மெரிட் நகத்தைக் கடிப்பதை நிறுத்தினாள்.

"ரொம்ப நல்ல பொண்ணு. எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. ஆனா... நம்ம படிக்கட்டுப் படத்துல அவளை வெச்சுப் பாரேன். பொருந்தணும்ல? நான்கூடக் கொஞ்சம் பேசிப் பாத்தேன். ஆல்ஸ்டன் அம்மாதான், ஒரு டாக்கெட் நமக்குப் போதும்னுட்டாங்க."

திருமதி ஆல்ஸ்டன் அந்த வீட்டுக்குப் பழைய மாணவிகள் சார்பில் ஆலோசகர். ஒவ்வொரு ரஷ்ஷுக்கும் வந்து தங்குவார். வரும் வெள்ளிக்கிழமை அவர் தலை ரோவீனாவின் கையில் இருக்கும்.

"உன்னைவிட்டா அவளை யார் நல்லபடியா அனுப்பி வைக்க முடியும்?" என்று எழுந்து போனாள் ஸ்லோன்.

எடுக்காவிட்டால் போகட்டும், மஞ்சள் வீடு இருக்கிறதே என்று மெரிட் தன்னைத் தேற்றிக்கொண்டாள். கடைசி நாள் வீடுகளைப் பார்த்து முடித்ததும் பெண்கள் நேரே ஒரு மண்டபத்துக்குப் போய், தங்களுக்குப் பிடித்த வரிசையில் வீடுகளின் பெயரை அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் வீடு எடுக்காவிட்டால் இரண்டாவது வீடு எடுத்துக்கொள்ளும். இரண்டையும் எழுதினால் ஜூனிக்கு ஏதோ ஒரு கூரை நிச்சயம். ஆனால் சில பெண்கள் வீம்பாக ஒற்றைப் பெயரை எழுதுவார்கள். அந்த வீடு எடுக்கவில்லை என்றால் போச்சு. அந்த வருடம் முழுக்க எந்த வீடும் கிடையாது. மற்ற பெண்கள் தங்களை எடுத்த வீட்டைப் பார்த்துத் தெருவில் ஓடும்போது அவள் விடுதியறையில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க வேண்டியதுதான். மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கே திரும்பிப் போனவர்கள் உண்டு.

மறுநாள் மாலை திரைகளை இழுத்துவிட்டு, மெழுகுவத்தி ஏற்றி, பியானோ வாசித்தார்கள். வீட்டுப் பெண்கள் எல்லாரும் வெள்ளை உடுப்பு. அன்றைக்கு அழுதால்தான் சடங்கு நிறைவு என்று கணக்கு. எல்லாருடைய கையிலும் கைக்குட்டை தயார். அம்மா அளவு பிடித்துத் தைத்துக் கொடுத்த கருநீல உடுப்பில் ஜூனி வந்தாள். கதவருகே மெரிட் நிற்பதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததே, அதை மெரிட் சாகிறவரை மறக்கமாட்டாள்.

"ஏய் மெரி! உன்கிட்டயே போட்டுட்டாங்களா!" உட்கார்ந்ததும் உட்காராததுமாகக் காதில் கிசுகிசுத்தாள். "அப்போ முடிஞ்சுது, இல்ல?"

"குடிக்கத் தண்ணி வேணுமா?" என்றாள் மெரிட்.

"என்னடி இது, பிளேன்ல கேக்கற மாதிரி கேக்கற!" ஜூனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாடம் ஞாபகம் வைத்திருந்தாள், பாவம். "இப்பதான் மஞ்சள் வீட்டுலேருந்து வரேன். நல்ல பொண்ணுங்கடி அவளுங்க. நான் சிரிச்சதுல ஒருத்தி கேக்கையே கீழ போட்டுட்டா, அப்புறம் தரையில உக்காந்தே ரெண்டு பேரும் தின்னோம். அவளுக்கு என்னை விட மனசே இல்ல. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு."

"அப்போ ரெண்டு வீட்டுப் பேரையும் எழுதிடு."

"அதெல்லாம் அக்கா இல்லாதவளுங்களுக்கு. எனக்கென்ன? நான் ஒத்தப் பேருதான் எழுதப்போறேன். அம்மாகிட்ட சத்தியமே பண்ணிட்டேன்."

மெரிட் அவசரமாகக் குறுக்கிட்டாள். "எல்லாரும் ரெண்டுதான் எழுதுவாங்க ஜூனி. அதான் நல்லதுன்னு..."

"சும்மா இருடி. உங்க விதிப்படி நீ அப்படித்தான் சொல்லணும், எனக்குத் தெரியாதா?" என்று கண்ணடித்தாள் ஜூனி.

அப்போது ஒரு கை மெரிட்டின் தோளில் விழுந்தது. திருமதி ஆல்ஸ்டன். "ரெண்டு பேரையும் ஒண்ணா பாக்க எவ்வளவு அழகா இருக்கு!" என்றார். ஜூனி எழுந்து நின்று, "நன்றி மேடம்" என்றாள். அவர் அவள் கன்னத்தைத் தட்டினார். நாலடி தள்ளிப் போய்ச் சுவரோரம் நின்று, இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

உன்னை எடுக்கவில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஜூனிக்கு ஒளிக்கத் தெரியாது; அந்த நிமிடமே முகத்தில் போட்டு உடைப்பாள். அப்புறம் மெரிட் வெளியே. அம்மாவின் வெள்ளிக்கிழமைகள் போச்சு. கார்வெலில் அந்தப் பெண்மணி தலை கொடுக்காத கடையில் வேறு எவள் தலை கொடுப்பாள்? சொல்லாவிட்டால் தங்கை இந்த அறையிலிருந்து நேரே போய் ஒற்றைப் பெயரை எழுதிவிட்டு நாளைக்கு நடுத்தெருவில் நிற்பாள். பியானோ ஓய்வதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். மெரிட் தன் வாழ்நாளில் இப்படி ஒரு பொறியில் மாட்டியதில்லை. அந்தப் பொறிக்குத் தினமும் எண்ணெய் போட்டவள் அவள்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பாட்டுக் குரல்கள் உயர்ந்தன. மெரிட் முன்னால் குனிந்து தங்கையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். முகத்தில் அந்தப் புகழ்பெற்ற புன்னகையை வரவழைத்துக்கொண்டாள்.

"நீ இங்க வர்றது எனக்குப் பிடிக்கல."

ஜூனிக்குப் புரியவில்லை. "என்ன?"

"சின்ன வயசுலேருந்து எங்க போனாலும் எனக்கு முன்னாடி உன் சிரிப்பு போயிடும். ஸ்கூல்ல, சர்ச்ல, கடையில, எல்லா இடத்துலயும் நான் ஜூனியோட அக்கா. இந்த ஒரு இடத்துலதான் நான் மெரிட். இதையும் வந்து பிடுங்கிக்காத."

"மெரி, விளையாடாதடி."

"அம்மா என்ன வேலை செய்யறான்னு இங்க இருக்கற பொண்ணுங்களுக்கு நான் சொன்னதில்ல. நீ வந்தா முதல் நாளே கொட்டிடுவ. எனக்கு மானம் போகும். நீ என் பக்கத்துல நின்னாலே போகும்."

ஜூனி கைகளை உருவிக்கொள்ளப் பார்த்தாள். "சிரிச்சுக்கிட்டே சொல்றியே..."

"பாத்துக்கிட்டு இருக்காங்க. நீயும் சிரி."

ஜூனி சிரித்தாள். அக்கா சொன்னபடி, வாயை மூடிக்கொண்டு. மெரிட்டின் கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாக வழிந்தது. அவள் அழுதது தங்கைக்காக மட்டும் அல்ல. சொல்லிக்கொண்டிருந்ததில் பாதி நிஜம். வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான், அவை இத்தனை வருடமாக உள்ளே இருந்தவை என்று அவளுக்கே தெரிந்தது.

"உள்ளயும் சொல்லிட்டியா? என்னை வேணாம்னு?" என்றாள் ஜூனி.

இதற்கு ஒரே ஒரு பதில்தான் அவளை அந்த இரண்டாவது பெயரை எழுத வைக்கும். அது பொய். பொய் சொல்லக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை.

"சொல்லிட்டேன்" என்றாள் மெரிட்.

வழக்கப்படி ஒரு வெள்ளை ரோஜாவைக் கொடுத்துக் கட்டிப்பிடித்து அனுப்ப வேண்டும். ஜூனி ரோஜாவை வாங்கிக்கொண்டாள். கட்டிப்பிடிக்கும்போது அவள் உடம்பு மரக்கட்டையாக இருந்தது. அவள் போன பிறகு திருமதி ஆல்ஸ்டன் வந்து தன் கைக்குட்டையை நீட்டினார். "கண்ணு, நீ அழுததைப் பாத்து எனக்கே அழுகை வந்துடுச்சு. உன்னை மாதிரி யாராலும் முடியாது."

மறுநாள் புல்வெளியில், எந்த வீடு எடுத்தது என்ற சீட்டு இருக்கும் உறைகளைப் பிரித்ததும் பெண்கள் கூச்சலிட்டுக்கொண்டு அவரவர் வீட்டைப் பார்த்து ஓடினார்கள். மெரிட் படிக்கட்டில் நின்று, வந்தவர்களை வரவேற்றுக் கத்திக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் ஜூனி ஓடுவதைப் பார்த்தாள். தூண்களைத் தாண்டி, ஒரு பார்வைகூடப் பார்க்காமல், தெருக்கோடிக்கு. அங்கே மஞ்சள் வீட்டு வாசலிலிருந்து ஒருத்தி பாதித் தெரு ஓடிவந்து அவளைத் தூக்கியே விட்டாள். மெரிட்டுக்குச் சந்தோஷமாக இருந்தது. நெஞ்சைப் பிசைவதுபோலவும் இருந்தது. இரண்டுக்கும் சேர்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்.

மாலையில் அம்மா கூப்பிட்டாள். "உன் தங்கச்சி ஒண்ணு சொல்றா. நிஜமாடி?"

"ஆமாம்மா."

ரோவீனா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஃபோனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நவம்பர் வரை இரண்டு மூன்று தடவைதான் பேசினாள், அதுவும் கார் இன்ஷூரன்ஸ் பற்றி. மெரிட் ஒரு நாள் ஸ்லோனிடம் போய், வீட்டை விட்டுப் போய்விடலாமென்று இருக்கிறேன் என்றாள். ஸ்லோன் பதறிப்போனாள். "பைத்தியமா உனக்கு? நான் படிப்பு முடிச்சுப் போறேன். என் இடத்துக்கு உன்னைத்தான் சொல்லியிருக்கேன். ஆல்ஸ்டன் அம்மாவே ஒத்துக்கிட்டாங்க." கார்வெலிலிருந்து வந்தவள் அந்த வீட்டில் தலைவி! ஒரு காலத்தில் அவள் இதைக் கனவில்கூட நினைத்திருக்கமாட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசிக்கவே இல்லை, ஒரு வாரத்தில் வீட்டு அறிவிப்புப் பலகையில் அவள் பெயர் ஏறிவிட்டது.

தேங்க்ஸ்கிவிங் என்கிற நன்றிப் பெருநாளுக்கு இரண்டு பெண்களும் ஊருக்கு வந்தார்கள், தனித்தனிக் காரில். வான்கோழி, சோளரொட்டிப் பொரியல், சர்க்கரைவள்ளி, எல்லாம் இருந்தது. ஜூனி மஞ்சள் வீட்டுக் கதைகளைச் சொன்னாள். அவளுக்கு அங்கே இரண்டு மூன்று உயிர்த்தோழிகள். சிரிப்பு பழையபடி இருந்தது, மெரிட் பக்கம் திரும்பும்போது மட்டும் கொஞ்சம் குறைந்தது.

சாப்பிட்டு முடிந்ததும் ரோவீனா பெக்கான் கொட்டை போட்டுச் சுட்ட இனிப்புப் பண்டம் ஒன்றை அடுப்பிலிருந்து தட்டோடு எடுத்து மேசைமேல் வைத்தாள். "இது ஆல்ஸ்டன் அம்மாவுக்கு. மெரிட், நீயே கொண்டுபோய்க் கொடு. கையோட மன்னிப்பும் கேட்டுட்டு வா."

"நான் எதுக்கும்மா?"

"எதுக்கா? போன வெள்ளிக்கிழமை என் கையில தலையைக் கொடுத்துக்கிட்டு அவங்க கண்ணுல தண்ணி. ஜூனிக்காக எவ்வளவோ பேசிப் பாத்தாங்களாம். கூடப் பொறந்தவளே வேணாம்னு சொன்னப்புறம் அவங்களால என்ன பண்ண முடியும்? யாரோ ஒரு பொம்பளைக்கு இருக்கற பாசம் உனக்கு இல்லையேடி!"

 ஜூனி அம்மாவிடம் சொன்னது, அம்மா தலை கழுவும்போது அந்தப் பெண்மணியிடம் சொன்னது, அவர் அதையே தனக்குச் சாக்காக எடுத்துக்கொண்டது, எல்லாம் மெரிட்டுக்கு ஒரு நொடியில் புரிந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். போதும். இனி ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. இன்றைக்குப் போட்டு உடைத்துவிட வேண்டியதுதான்.

"அம்மா, ஆல்ஸ்டன் அம்மா வந்து..."

"விடும்மா அவளை," என்று குறுக்கிட்டாள் ஜூனி. "எனக்குக் கோவமெல்லாம் போயிருச்சு. அந்த வாரம் முழுக்க எத்தனை பேர் என்கிட்ட பேசினாங்க தெரியுமா? தேனா ஒழுகினாங்க. ஒருத்தி விடாம எல்லாம் பொய். மூஞ்சிக்கு நேரா நிஜத்தைச் சொன்னது இவ ஒருத்திதான். வலிச்சுது. ஆனா என் அக்கா என்கிட்ட பொய் சொல்லல. எனக்கு அது போதும்."

சொல்லிவிட்டு, ஆகஸ்டுக்குப் பிறகு முதல் தடவையாக, மெரிட்டின் முகத்தை நேராகப் பார்த்துச் சிரித்தாள். வாய் நிறைய.

"என்னமோ சொல்ல வந்தியே?" என்றாள் ரோவீனா.

மெரிட் அம்மாவைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. தட்டு சூடா இருக்கு, ஒரு துணி கொடு" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.